உண்ணுநீர்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை குடிதண்ணீரைப் பற்றிய கேள்விகள் மட்டும். சொல்லைப் பற்றிக் கேட்டவர்களும் கிணற்றைப் பற்றிக் கேட்டவர்களும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருக்கிறார்கள். அதனால் பிரிக்காமல் வந்தபடியே தருகிறோம்.

'சுடுதண்ணீர்' என்று எழுதியதற்கு என் மகளின் தமிழாசிரியை சிவப்பு மையால் சுழித்துவிட்டார். தண்ணீர் என்றாலே குளிர்ந்த நீராம். அப்படியானால் வீட்டில் நாம் பேசுவது எல்லாம் பிழையா?
– வாசகி, தாம்பரம்

ஆசிரியை சொன்ன பிரிப்பு சரி. தண்மை + நீர் = தண்ணீர். வெம்மை + நீர் = வெந்நீர். தேர்வில் வெந்நீர் என்றே எழுதச் சொல்லுங்கள்.

ஆனால் பேச்சில் சுடுதண்ணி பிழையல்ல. எள் + நெய் என்று பிறந்த எண்ணெய், பிறகு எல்லா நெய்ப்பொருளுக்கும் பொதுப்பெயராகி, எள்ளில் எடுத்ததையே 'நல்லெண்ணெய்' என்று தனியாகச் சொல்ல வேண்டி வந்தது. தேங்காய் எண்ணெயை யாரும் பிழை என்பதில்லை. தண்ணீரும் அதே வழியில் போன சொல். அதன் குளிர்ச்சி தேய்ந்து பொதுப்பெயரானதால்தான் 'பச்சைத்தண்ணி', 'ஆறின தண்ணி', 'சுடுதண்ணி' என்று முன்னே ஒரு சொல் சேர்க்கிறோம். ஈழத்திலும் சுடுதண்ணி என்பதே வழக்கு.

இந்த மூன்றையும் உங்கள் மகளுக்குச் சரியாகச் சொல்லிக் கொடுங்கள். பச்சைத்தண்ணி அடுப்பைப் பார்க்காதது. ஆறின தண்ணி கொதித்துப் பிறகு ஆறியது. இரண்டும் கைக்கு ஒரே குளிர்ச்சிதான், வயிற்றுக்கு ஒன்றல்ல. சுடுகிற நீரில் பச்சைத்தண்ணீரை ஊற்றிச் சூட்டைத் தணிப்பதற்கு 'விளாவுதல்' என்று அழகான சொல் இருக்கிறது. குளிக்க விளாவலாம், குடிக்க விளாவக் கூடாது. கொதிக்க வைத்துக் கொன்ற கிருமியைப் பச்சைத்தண்ணீர் மறுபடி கொண்டு வந்து சேர்த்துவிடும். காய்ச்சல்காரருக்கும் கைக்குழந்தைக்கும் கொடுக்கிற வெந்நீரில் அதிகம் நடக்கிற தவறு இதுதான். சூடு தணிய வேண்டுமானால் ஏற்கெனவே ஆறிய வெந்நீரைச் சேருங்கள்.

தண்ணீரை 'உண்டான்' என்று பழைய பாட்டில் வருகிறதே. குடிப்பதுதானே சரி?
– வாசகர், தேவகோட்டை

இன்றைக்குக் குடிப்பது. சங்க காலத்தில் நீரையும் உண்டார்கள். கலித்தொகையில் கபிலரின் குறிஞ்சிக்கலிப் பாட்டு ஒன்று (51) இதற்கு நல்ல சான்று. தாயும் மகளும் வீட்டில் இருக்கிறார்கள். வாசலில் ஒருவன் வந்து, "இல்லிரே! உண்ணுநீர் வேட்டேன்" என்கிறான். வீட்டிலிருப்பவர்களே, குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று பொருள். தாய் மகளிடம், பொற்சிரகத்தால் வாக்கி 'உண்ணுநீர் ஊட்டிவா' என்கிறாள். சிரகம் என்பது நீர் வார்க்கும் கலம், வாக்குதல் என்றால் வார்த்தல். வந்தவன் கையைப் பிடிக்க, மகள் அலற, தாய் ஓடி வர, மகள் சமாளித்துச் சொல்கிறாள்: "உண்ணுநீர் விக்கினான்." தாய் அதை நம்பி அவன் முதுகை நீவிவிடுகிறாள். தண்ணீர் விக்கினால் முதுகை நீவுவது அன்றும் இன்றும் ஒரே வழக்கம். ஒரு காதல் நாடகத்தின் மூன்று திருப்பங்களும் ஒரு வாய்த் தண்ணீரில் நடந்து முடிகின்றன.

உங்கள் ஊர்ப்பக்கம் இந்த 'உண்' இன்னும் சாகவில்லை. ஊருணி என்பது ஊரார் உண்ணும் நீர்நிலை. வயலுக்குக் கண்மாய், வாய்க்கு ஊருணி. அதனால்தான் ஊருணியில் குளிக்கவும் துணி துவைக்கவும் மாடு இறக்கவும் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். 'ஊருணி நீர்நிறைந் தற்றே உலகவாம் பேரறி வாளன் திரு' என்ற குறளில் (215) வள்ளுவர் ஏரி என்றோ குளம் என்றோ சொல்லாமல் ஊருணி என்றது எண்ணிச் சொன்னது. எல்லோருக்கும் குடிக்கக் கிடைப்பது அது ஒன்றுதான்.

தாகத்துக்கும் வட்டாரச் சொற்கள் உண்டு. நெல்லைப் பக்கம் 'தண்ணி தவிக்குது' என்பார்கள், யாழ்ப்பாணத்தில் 'தண்ணி விடாய்க்குது'. நூல்வழக்கில் நீர்வேட்கை. கலித்தொகைக்காரன் 'வேட்டேன்' என்றதில் இரண்டு வேட்கையும் இருக்கிறது.

'கடல்பெரிது மண்ணீரும் ஆகாது அதனருகே சிற்றூறல் உண்ணீரும் ஆகிவிடும்' என்ற மூதுரைப் பாட்டு உண்மையா? எங்கள் வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். முன்பு மணலில் தோண்டினால் நல்ல தண்ணீர். ஆழ்குழாய் போட்ட பிறகு ஒரே உப்பு.
– வாசகர், மண்டபம்

பாட்டு உண்மை. உங்கள் வீட்டில் நடந்ததற்கான காரணமும் அதே பாட்டில் இருக்கிறது. மண்ணீர் என்பது கழுவுவதற்கான நீர், உண்ணீர் குடிப்பதற்கானது. 'சிற்றூறல்' என்ற சொல்லில் 'சிறு' என்பதைக் கவனியுங்கள்.

மணல்மேட்டில் பெய்யும் மழை உள்ளே இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நல்ல நீரின் அடர்த்தி 1.000 என்றால் கடல்நீர் 1.025. இந்தச் சிறு வித்தியாசத்தால், நல்ல நீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் வரை உப்பைத் தள்ளி வைத்திருக்கும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இறைத்து இறைத்து மேல்மட்டத்தை 10 சென்டிமீட்டர் குறைத்தால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு 4 மீட்டர் மேலே ஏறும். ஆழ்குழாய் அந்த உப்புக்குப் பக்கத்திலேயே வாயை வைத்து உறிஞ்சுகிறது. குழாய்க்கு நேர் கீழே உப்புநீர் கூம்பு போல எழும்பி வருகிறது.

செய்ய வேண்டியது இது. ஆழ்குழாயில் குடிக்க எடுப்பதை நிறுத்துங்கள். இன்னும் ஆழம் போட்டால் நல்ல தண்ணீர் வரும் என்று சொல்பவரை உங்கள் மணலில் நம்பாதீர்கள். நீர் தெரிந்த பிறகு ஒன்றிரண்டு அடிக்கு மேல் தோண்டாத அகலமான ஊற்றுக்கிணறு போதும். மோட்டார் வேண்டாம், வாளியோ கைப்பம்போ போதும். மோட்டார்தான் என்றால் சிறியதாக வைத்து, கால் மணி நேரம் ஓட்டி, நீர் பழைய மட்டத்துக்கு ஊறிய பிறகே அடுத்த முறை ஓட்டுங்கள். கூரை மழைநீரைக் கிணற்றருகே மணலில் இறக்குங்கள். ஏறிய உப்பு ஒரே மழையில் இறங்காது, சில பருவங்கள் ஆகும். அதுவரை சோறு வடிக்கவும் குடிக்கவும் வேறு தண்ணீர் வாங்கத்தான் வேண்டும்.

மழைக்காலத்தில் எங்களுக்கு வரும் ஏரித்தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கிறது. பாட்டி தேற்றாங்கொட்டை போடச் சொல்கிறார். அது வேலை செய்யுமா, மூடநம்பிக்கையா?
– வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்

வேலை செய்யும். பாட்டி பக்கம் கலித்தொகையே இருக்கிறது: 'இல்லத்துக் காழ்கொண்டு தேற்றக் கலங்கிய நீர்போல் தெளிந்து' (142). இங்கே இல்லம் என்பது வீடு அல்ல, தேற்றாமரம். காழ் அதன் விதை. பிரிவால் கலங்கிய பெண் காதலனைச் சேர்ந்து தெளிந்ததற்கு இது உவமை. அழுதவரைத் 'தேற்றினோம்', நோயிலிருந்து 'தேறினார்' என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அதே வினைச்சொல்தான் கலங்கிய நீரைத் தெளிய வைப்பதற்கும். மனத்துக்கும் நீருக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்ட மொழி நம்முடையது.

கலங்கல் என்பது மிக நுண்ணிய களிமண் துகள். ஒவ்வொரு துகளும் எதிர்மின்னூட்டம் கொண்டிருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, படியாமல் மிதக்கிறது. விதையிலிருந்து கரைந்து வரும் பொருள்கள் இந்தத் துகள்களைப் பிடித்து இணைத்துக் கட்டியாக்குகின்றன. எடை கூடியதும் அவை அடியில் படிந்துவிடும். சொரசொரப்பான கல்லில் ஒரு கொட்டையைத் தண்ணீர் விட்டு உரைத்து, அந்த விழுதைக் குடத்தில் கலக்கி, இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். பானையின் உள்வாயில் கொட்டையைத் தேய்த்துவிட்டு நீர் நிரப்புவதும் உண்டு.

தேற்றாங்கொட்டை கிடைக்காவிட்டால் முருங்கை விதை. மரத்திலேயே காய்ந்து பழுப்பேறிய நெற்றிலிருந்து எடுத்தது வேண்டும். பச்சைக் காயின் விதை உதவாது. சிறகுத்தோலை நீக்கி வெள்ளைப் பருப்பை மட்டும் நன்றாக இடியுங்கள். ஓரளவு கலங்கிய நீருக்கு லிட்டருக்கு ஒரு விதை கணக்கு. பொடியை ஒரு தம்ளர் சுத்தமான நீரில் குலுக்கி, துணியில் வடிகட்டி, அந்தப் பால் போன்ற சாற்றைக் குடத்தில் ஊற்றுங்கள். ஒரு நிமிடம் வேகமாகக் கலக்குங்கள். பிறகு ஐந்து முதல் பத்து நிமிடம் மிக மெதுவாக. இந்த மெதுவான கலக்கலைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். துகள்கள் ஒன்றோடொன்று மோதிச் சேர்வது அப்போதுதான். முழு நேரமும் வேகமாகச் சுழற்றினால் சேர்ந்த கட்டியும் உடைந்துபோகும். பிறகு மூடி, இரண்டு மணி நேரம் தொடாமல் வைத்து, மேல்நீரை மட்டும் சாய்த்து எடுங்கள்.

படிகாரம் இன்னும் எளிது. 15 லிட்டர் குடத்துக்கு அரை கிராமிலிருந்து ஒரு கிராம் போதும். அதிகம் போட்டால் துவர்க்கும், தெளிவதும் கெடும்.

இதில் தவறாகப் போவது ஒன்று உண்டு. தெளிந்ததும் குடித்துவிடுகிறார்கள். படிந்த மண்ணோடு கிருமிகளில் பெரும்பகுதி கீழே போனாலும் எல்லாம் போவதில்லை. விதைச் சாறு கிருமிக்கு உணவாகவும் ஆகும் என்பதால் முருங்கை போட்ட நீரை மறுநாளைக்கு வைக்கக் கூடாது. தெளிந்த நீரைக் கொதிக்க வைத்து அன்றே தீர்த்துவிடுங்கள்.

ஐங்குறுநூற்றுத் தலைவி, 'தேன் மயங்கு பாலினும் இனிய அவர்நாட்டு உவலைக் கூவற் கீழ மானுண்டு எஞ்சிய கலிழி நீரே' என்கிறாள் (203). இலை மூடிய குழியில், மான் குடித்து மிச்சம் வைத்த கலங்கல் நீர், தேன் கலந்த பாலைவிட இனித்தது என்று. காதலின் அளவைச் சொல்ல இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் தராதீர்கள்.

எத்தனை நிமிடம் கொதிக்க வேண்டும்? இருபது நிமிடம் என்கிறார்கள்.
– வாசகர், உதகமண்டலம்

எரிவாயு வீணாகும். நன்றாகத் தளதளவென்று, கரண்டியால் கலக்கினாலும் அடங்காத கொதி வந்தபின் ஒரு நிமிடம் போதும். உங்கள் ஊர் சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும் என்பதால் மூன்று நிமிடம் வையுங்கள். கொதித்த பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுங்கள். வேறு குடத்தில் மாற்றும்போதுதான் கெடுகிறது.

ஈரோட்டில் அம்மா வீட்டுப் பானைத் தண்ணீர் பல் கூசும். அதே கடையில் வாங்கிய பானை சென்னையில் வெறும் தண்ணீராகவே இருக்கிறதே?
– வாசகி, திருவல்லிக்கேணி

பானையின் மேல் குற்றமில்லை, சென்னைக் காற்றின் ஈரம்தான் காரணம். பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, ஒவ்வொரு கிராமும் சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 10 லிட்டர் பானையிலிருந்து 100 கிராம் ஆவியானால், வெளிச்சூடு உள்ளே வராத வரையில் மொத்தத் தண்ணீரும் கிட்டத்தட்ட 6 டிகிரி இறங்கும். காற்று காய்ந்திருந்தால் ஆவி வேகமாகப் போகும். 40 டிகிரி வெயிலும் 20 சதவீத ஈரப்பதமும் இருக்கும் ஊரில் பானை நீர் அதிகபட்சமாக 22 டிகிரி அளவுக்குக் குளிரலாம். 36 டிகிரியும் 60 சதவீதமும் உள்ள கடற்கரை ஊரில் எவ்வளவு முயன்றாலும் 29க்குக் கீழே போகாது.

சென்னையிலும் கொஞ்சம் கூட்டலாம். பானையைச் சமையலறை மூலையிலிருந்து எடுத்து, நிழலான, காற்று ஓடும் சன்னலருகே ஈர மணலின் மேல் வையுங்கள். வெளிப்புறம் பெயின்ட் பூசிய, வார்னிஷ் பளபளக்கும் பானைகள் குளிராது. துளைகளை அடைத்துவிட்டு எதைக் கசியவிடுவது? உப்புத் தண்ணீர் ஊற்றினால் சில வாரங்களில் வெளியே வெள்ளையாகப் பூக்கும். அதுவும் துளையை அடைப்பதுதான். தேங்காய் நாரும் வெந்நீரும் கொண்டு தேயுங்கள், சோப்பு வேண்டாம், பானை அதைக் குடித்துவிடும். புதுப்பானையை ஒரு நாள் முழுக்க நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

புதுப்பானை எதையும் பிடித்துக்கொள்ளும் என்பதை நாலடியார் நல்ல பக்கமிருந்து சொல்கிறது. 'ஒண்ணிறப் பாதிரிப்பூச் சேர்தலால் புத்தோடு தண்ணீர்க்குத் தான்பயந் தாங்கு' (139). பாதிரிப்பூ வைத்த புதுப்பானை, பிறகு ஊற்றிய தண்ணீருக்கும் அந்த மணத்தைத் தரும். கல்லாதவர் கற்றவரோடு சேர்வது அப்படி என்கிறது பாட்டு. இன்று பாதிரிக்குப் பதில் வெட்டிவேர் போடுகிறோம். ஒரு கைப்பிடியைக் கழுவி, நூலில் கட்டிப் போட்டு, மூன்று நாளில் எடுத்து வெயிலில் காயவைத்து மறுபடி போடலாம். வழுவழுப்புத் தட்டினால் எறிந்துவிடுங்கள்.

டி.டி.எஸ். மீட்டர் 180 காட்டுகிறது. ஆர்.ஓ. வாங்கலாமா?
– வாசகர், திருச்சி

வேண்டாம். இந்தியத் தரநிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. ஆர்.ஓ. என்பது சவ்வு வழியே நீரை அழுத்தி உப்பை நீக்கும் கருவி. அது ஒரு லிட்டர் தர இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பும். அந்த மீட்டர் கரைந்த உப்பை மட்டுமே அளக்கும், கிருமி அதன் கண்ணில் படாது. சாக்கடை கலந்த குழாய்நீரும் 200 காட்டலாம். உங்களுக்குக் கொதிக்க வைப்பதோ புறஊதா விளக்கு வடிகட்டியோ போதும்.

வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றுக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போடுவது?
– வாசகர், திருவாரூர்

முதலில் கிணற்று நீரை அளக்க வேண்டும். விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 0.785 ஆல் பெருக்கினால் கன மீட்டர் வரும். 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் நீர் என்றால் 28 கன மீட்டர், அதாவது 28,000 லிட்டர். நல்ல பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்ற கணக்கில் சுமார் 70 கிராம். வெள்ளநீர் நேரே புகுந்த கிணறாக இருந்தால் முதலில் சேற்றுநீரை இறைத்துக் கொட்டிவிடுங்கள். அழுக்கு இருக்கும்வரை குளோரின் அதனோடேயே தீர்ந்துவிடும்.

பவுடரை அப்படியே தூவாதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் நீர் விட்டுக் கூழாக்கி, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் படியும். தெளிந்த மேல்நீரை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றி, அதைக் கயிற்றில் இறக்கி, நீருக்குள் முக்கி மேலும் கீழும் ஆட்டுங்கள். சுண்ணாம்பைக் கிணற்றில் போட்டால் நீர் கடினமாகும். குறைந்தது ஒரு மணி நேரம் இறைக்கக் கூடாது. இரவில் போட்டுவிட்டுக் காலையில் எடுப்பது உத்தமம். எடுக்கும் நீரில் லேசாக மருந்து வாசனை இருக்க வேண்டும். குளோரின் சோதனைத் தாளோ சொட்டு மருந்தோ கிடைத்தால், லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் காட்டுகிறதா என்று பாருங்கள். ஒன்றுமே காட்டவில்லையென்றால் பவுடர் பழையது. பை திறந்து கிடந்தால் வீரியம் போய்விடும்.

'தண்ணி காட்டுவது' என்றால் ஏமாற்றுவது. ஏன் அப்படி?
– வாசகி, பொள்ளாச்சி

ஏமாற்றுவது என்ற பொருள் எப்படி வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் உங்கள் ஊரில் அதன் நேர்ப்பொருள் இன்னும் புழங்குகிறதே: மாட்டுக்குத் தண்ணி காட்டுவது, அதாவது தொட்டிக்கு ஓட்டிப்போய்க் குடிக்க வைப்பது. கறவை மாட்டுக்குக் கோடையில் நாளுக்கு 80 லிட்டர் வரை வேண்டும். வாயில்லாச் சீவனுக்குத் தண்ணீர் கேட்பதில் யாருக்கும் வெட்கமில்லை. அதனால்தான் இரத்தலின் இழிவைச் சொல்ல வந்த வள்ளுவர் அந்த எல்லையைத் தொடுகிறார்: 'ஆவிற்கு நீரென்று இரப்பினும் நாவிற்கு இரவின் இளிவந்த தில்' (1066). பசுவுக்குத் தண்ணீர் என்று கேட்டாலும், இரப்பதைவிட நாவுக்கு இழிவானது வேறில்லை என்று பொருள்.

எங்கள் தெருவில் தண்ணீர்ப்பந்தல் வைக்கப் போகிறோம். அளவும் முறையும் சொல்லுங்கள்.
– இளைஞர் குழு, மதுரை

பழைய மரபு. திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரில் தண்ணீர்ப்பந்தல் வைத்ததைப் பெரியபுராணம் சொல்கிறது.

நாளுக்கு 600 பேர், ஆளுக்கு 200 மில்லி தம்ளரில் இரண்டு என்றால் 240 லிட்டர். 20 லிட்டர் கேன் என்றால் 12. குழாய் பொருத்திய மண்பானைகள் நான்கைந்து வாங்குங்கள். பானைக்குள் தம்ளரை விட்டு மொள்ளும் பந்தலில் நூறு பேரின் கை அந்தத் தண்ணீரில் இருக்கும். குழாய் இல்லாவிட்டால் நீண்ட காம்புள்ள அகப்பையால் ஒருவரே ஊற்றட்டும். மீன் பெட்டிக்கு வரும் பாளம் ஐஸை உடைத்துப் போடாதீர்கள். அது குடிநீரில் செய்ததாக இருக்க வேண்டியதில்லை.

நீர்மோருக்கு 1 லிட்டர் தயிர், 5 லிட்டர் தண்ணீர், 30 கிராம் உப்பு, 50 கிராம் இஞ்சி, ஆறு பச்சை மிளகாய், கறிவேப்பிலை, அரைத் தேக்கரண்டி பெருங்காயம். தயிர் கடையும் தண்ணீரும் ஆறின தண்ணீராக இருக்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஆகும் அளவே கலக்குங்கள்.

கொடுக்கிறவர் முகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சோழன் சிறையில் சேரமான் கணைக்கால் இரும்பொறை தண்ணீர் கேட்டான். உடனே தராமல் தாமதித்துக் கொடுத்தார்கள். கையில் வாங்கியும் குடிக்காமல் அவன் பாடி உயிர்விட்டதாகப் புறநானூற்று 74ஆம் பாட்டின் குறிப்பு சொல்கிறது. வெயிலில் நடந்து வந்தவர் கேட்கும் முன் தம்ளரை நீட்டுங்கள், இரண்டாவது தம்ளரும் வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். மாலை நான்கு மணிக்கு மிச்சத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டு, பானைகளை வெந்நீரில் அலசி, இரவு முழுக்கக் கவிழ்த்து வையுங்கள்.